கரையோரச் சாலையில் நின்ற பேருந்து

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருபத்தாறு வருஷம் நின்று, "மூச்ச இழுங்க, அடக்குங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேருடைய நெஞ்சுக்கூட்டைப் பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியைப் படிக்கவைத்து, அவனுக்கு ஒரு குடும்பம் அமைத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது வயது நாற்பத்தொன்பது ஆகியிருந்தது. அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

"முப்பது நாள் லீவு போட்டிருக்கேன். நம்ம நாட்ட ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்றார் தம்பியிடம்.

"தனியாவா? காலேஜுப் பசங்க மாதிரி முதுகுல மூட்டைய மாட்டிக்கிட்டா?"

"கையில தூக்கினா கை வலிக்கும்டா."

முதல் பன்னிரண்டு நாள் அமர்க்களமாகப் போனது. தலைநகரத்தில் பூமிக்கு அடியில் ஓடும் ரயிலில் வழி தப்பி, ஒரே ஸ்டேஷனுக்கு மூன்று முறை வந்து சேர்ந்தார். அருங்காட்சியகத்தில் இரண்டாயிரம் வருஷத்து எலும்புக்கூடு ஒன்றைப் பார்த்து, இடது தோள்பட்டை முறிந்து ஒட்டியிருக்கிறது என்று காவலாளிக்கு விளக்கம் சொன்னார். எட்டுக் கட்டில் போட்ட விடுதி அறையில் இருபது வயதுப் பெண்களோடு படுத்தார். "ஆன்ட்டி, நீங்க குறட்டை விடுறீங்க" என்று அவர்கள் சொன்னதைத் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரித்தார்.

பதின்மூன்றாம் நாள் காலையில் கரையோரச் சாலை வழியாகப் போகும் பேருந்தில் ஏறினார். பக்கத்து இருக்கையில், மடியில் ஒரு பூந்தொட்டியை வைத்துக்கொண்டு ஒரு பெரியம்மா. மகள் வீட்டுக்குக் கொண்டுபோகிறாராம். பதினொரு மணிக்குப் பேருந்து ஒரு டீக்கடையில் நின்றது. கடைக்குப் பின்னால் படிகள் இறங்கின. படிகளின் முடிவில் கடல்.

"கால் மணி நேரந்தான், சீக்கிரம் வந்துடுங்க!" என்றார் டிரைவர்.

பையும் போனும் இருக்கையிலேயே இருந்தன. அக்கா வெறுங்கையோடு இறங்கிப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நின்றார். அலை வந்து காலுக்கடியிலிருந்த மணலை உருவிக்கொண்டு போனபோது உடம்பெல்லாம் கூசியது. இன்னும் ஓர் அலை, இன்னும் ஒன்றே ஒன்று என்று நின்றுவிட்டார். அந்த இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழவில்லை.

மேலே ஏறி வந்தால் பேருந்தைக் காணோம்.

"பாவி மனுஷன்! ஒரு ஆள் குறையுதேன்னு பாக்க மாட்டானா?" வாய்க்கு வந்தபடி திட்டினார். டீக்கடைக்காரம்மா ஏதோ சொல்ல வந்தார். அக்கா காது கொடுக்கவில்லை. காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வேனைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். வழியில் போலீஸ் நின்று எல்லா வண்டிகளையும் உள்சாலை வழியாகத் திருப்பிவிட்டது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. வழி நெடுக பஸ் டிரைவர் மேல் என்ன புகார் எழுதுவது என்று மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தார்.

பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர மணி மூன்றரை. விசாரணை ஜன்னலில் கையை ஊன்றி, "காலையில வந்த பஸ்ல என் பை போயிடுச்சு. அந்த டிரைவர நான் பாக்கணும்" என்றார்.

ஜன்னலுக்குள்ளிருந்த குமாஸ்தா பெயரைக் கேட்டார். அக்கா சொன்னார். குமாஸ்தா எதிரிலிருந்த தாளில் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தார். நாற்காலி பின்னால் சரிய எழுந்து நின்றார்.

"அம்மா... நீங்க செத்துட்டதா இதுல போட்டிருக்கு."

டீக்கடையைத் தாண்டினால் மலையை வெட்டிப் போட்டிருந்த சாலை. பாறை சரிந்து பேருந்தின் முன்பக்கத்தில் விழுந்திருந்தது. ஒன்பது பேர் போய்விட்டார்கள். டிரைவரும் போய்விட்டார். பயணிகள் பட்டியலையும் கிடைத்த பைகளையும் வைத்து இறந்தவர்களின் பெயர்களை எழுதியிருந்தார்கள்.

யாரோ அக்காவைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். யாரோ போனை நீட்டினார்கள். தம்பியின் நம்பர் நினைவுக்கு வரவில்லை. விரல்கள் தாமாகவே எக்ஸ்ரே அறையின் நம்பரை அழுத்தின. பக்கத்து அறையில் சீட்டுப் பதியும் ஊழியர் வந்து எடுத்தார்.

"நான்தான் பேசுறேன்."

"நான்தான்னா யாரு?"

"எக்ஸ்ரே அக்கா."

அந்தப் பக்கம் ரிசீவர் மேஜையில் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் ஓட்டம், கூச்சல். பிறகு தம்பியின் குரல். அக்காவின் போனில் 'தம்பி' என்றிருந்த நம்பருக்குப் போலீஸ் கூப்பிட்டிருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் அவன் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடி வந்திருக்கிறான்.

"அக்கா, பேசிக்கிட்டே இரு. வெச்சிடாத. எதையாவது பேசு" என்றான்.

மறுநாள் காலை அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார். பெரியம்மா கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் அழுதார்.

"எங்கம்மா போன நீ? எவ்வளவு கூப்பிட்டோம்! டிரைவர் நாலு தடவ ஹாரன் அடிச்சாரு. 'ஒத்தையா வந்த பொம்பள, எப்படி விட்டுட்டுப் போறது'ன்னு பதினொரு நிமிஷம் நின்னாரு. மத்தவங்க சண்டைக்கு வந்தப்புறந்தான் எடுத்தாரு."

பக்கத்துக் கட்டில்காரர் சும்மா இருக்காமல் சொன்னார்: "நேரத்துக்குக் கெளம்பியிருந்தா அந்தப் பாறைய எப்பவோ தாண்டியிருப்போம்."

அக்கா வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் அவரைத் தாண்டி இறங்கிப் போனார்கள்.

தம்பி அன்று மாலையே வந்து, வா போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தான். அக்கா போகவில்லை. தாமதத்தை ஈடுகட்ட டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டினார் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியிருந்தது. அக்கா நேரே விசாரணை அதிகாரியிடம் போனார்.

"தாமதத்துக்கு அவர் காரணமில்ல, நான்தான்."

"இத நீங்க சொல்லணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் அதிகாரி.

"எழுதுங்க" என்றார் அக்கா.

பிறகு டிரைவரின் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கொடியில் காக்கிச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது, எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை போலும். டிரைவரின் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டே நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"எத்தனை நிமிஷம்னு சொன்னீங்க?"

"பதினொண்ணு."

"எனக்காக அவரு அஞ்சு நிமிஷம் நின்னதில்ல. நான் செருப்பு மாட்டுறதுக்குள்ள கீழ போயி வண்டிய உறும விடுவாரு." சிரிப்பது போலத்தான் ஆரம்பித்தார். அது பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. அக்கா அவர் தோளைத் தொடப் போனார். அந்த அம்மா கையைத் தட்டிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள வந்து உட்காருங்க. நின்னுக்கிட்டே இருக்கீங்க" என்றார்.

அறிக்கை மூன்று மாதம் கழித்து வந்தது. வண்டி அளவான வேகத்தில்தான் போயிருக்கிறது. அந்தச் சரிவில் முன்பே விரிசல் இருந்தும் சாலையை மூடாததுதான் தவறு என்று முடித்திருந்தார்கள். பதினொரு நிமிடத்தைப் பற்றி ஒரே ஒரு வரி.

தம்பி அந்த அறிக்கையை நாலு தடவை படித்துக் காட்டினான். "பாத்தியா, உன் மேல தப்பில்லன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

"தப்பில்லதான்" என்றார் அக்கா. அந்த வாரமே டிரைவரின் மனைவியிடமிருந்து போன் வந்தது. கூப்பிட்ட காரணம் எதையும் அவர் சொல்லவில்லை. இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள்.