என் தோழியின் கதையில் குருவி இல்லை

என்னோடு வேலை செய்யும் நைஜீரியப் பெண் ஒருத்தி காதல் கதைகள் எழுதுகிறாள். இதைச் சொன்னால் ஜெர்மனியில் இருக்கிற எங்கள் தமிழ் ஆட்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அவ எப்பிடி வந்தவ? படகிலையோ?"

அவள் விமானத்தில் வந்தாள். முதியோர் பராமரிப்பில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்வதற்கு முறையான விசா எடுத்து, இரண்டு பெட்டிகளோடு, ஜன்னலோரத்தில் இருந்து கோழி சாப்பிட்டபடி வந்தாள். கேட்டவர்களின் முகம் உடனே வாடிவிடும். கடல் இல்லை, கண்ணீர் இல்லை, பிறகென்ன கதை என்று அவர்களுக்கு ஒரு ஏமாற்றம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்களைப் பற்றியும் மற்றவர்கள் இதையேதானே இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் எனக்குச் சமையலறையில் வேலை, அவளுக்கு இரண்டாம் மாடியில். இடைவேளைக்கு நிலவறை மேசையில் சந்திப்போம். நாங்கள் பேசுவது ஜெர்மன். இலக்கணத்தை இரண்டு பேரும் சமமாகக் கொல்வதால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கும்.

ஊரில் இருந்தபோதே அவள் தொலைபேசியில் தொடர்கதை எழுதியவள். வெள்ளிக்கிழமை அத்தியாயம் பிந்தினால் வாசகிகள் திட்டித் தீர்ப்பார்களாம். இங்கே வந்தபின் நீளமாக எழுத நேரமில்லை. வேறொருவர் என்றால் மூக்கைச் சிந்திக்கொண்டு பேனாவை மூடிவைத்திருப்பார். இவள் கதையைச் சின்னதாக்கினாள். ஒரு இடைவேளைக்கு ஒரு கதை. பதினைந்து நிமிடத்தில் இரண்டு பேர் சந்திக்கவேண்டும், சண்டை பிடிக்கவேண்டும், சேரவேண்டும். ஒரு சொல் கூடினாலும் வெட்டுவாள். அவளுடைய நாட்டு இணைய இதழ்கள் அந்தக் குறுங்கதைகளைக் கேட்டு வாங்கிப் போடத் தொடங்கின.

இங்கே ஒரு கலாசார நிலையமும் அவளை வாசிக்க அழைத்தது. ஒழுங்குபடுத்திய அம்மா மெல்லிய குரலில், தப்பியோடியது பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். "பல் வைத்தியர் ஒருவர் காதலிக்கிற கதை இருக்கிறது" என்றாள் இவள். வாசிப்புக்கான டெர்மினை, அதுதான் நாளையும் நேரத்தையும், பிறகு அறிவிக்கிறோம் என்றார்கள். இன்னும் அறிவிக்கிறார்கள்.

அந்தக் கோபத்தில்தான் நான் வாயைக் கொடுத்தேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் உன் கதையைத் தமிழில் போடுகிறேன் என்றேன். அந்த மலரில் நான் அதுவரை எழுதியவை ஒரு செபக் கவிதையும் கத்தரிக்காய்க் குழம்பும். எனக்கே பிடித்த ஒன்றின் கீழே என் பெயர் வரவேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே இருந்தது.

அவள் ஜெர்மனில் சொல்லித் தந்த கதை இதுதான். ஐம்பத்திரண்டு வயது விதவை ஒருத்தி சந்தியில் பயற்றம் வடை மாதிரி ஒன்று சுட்டு விற்கிறாள். பஸ் ஓட்டுநர் ஒருவர் தினமும் வாங்கித் தின்றுவிட்டு, உப்புக் கூடிப்போச்சு என்று குறை சொல்கிறார். ஒருநாள் அவள், பிறகேன் வாங்குகிறாய் என்று கேட்கிறாள். "நாளைக்கும் வந்து குறை சொல்லத்தான்" என்கிறார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் அவரை முத்தமிடுகிறாள். பஸ்ஸில் இருந்தவர்கள் நேரமாகிறது என்று கத்துகிறார்கள். அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் தமிழில் எழுதிவிட்டேன், முத்தம் வரும்வரை. அங்கே கை நின்றுவிட்டது. தேவாலயத்துச் சுவாமியார் வாசிப்பார், மச்சாள் வாசிப்பாள், என் மகளோடு தமிழ்ப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார் வாசிப்பார்கள். யோசித்து யோசித்து, கடைசியில் இப்படி எழுதினேன்: "அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வானத்தில் ஒரு குருவி பறந்தது." எங்கள் படங்களில் இரண்டு பூக்களை முட்டவிட்டுக் காட்டுவார்களே, அந்தப் புத்தி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அதை அண்ணைக்கு அனுப்பினேன். அண்ணை என்றால் மலரின் ஆசிரியர்.

மறுநாள் இடைவேளையில் அவள், தமிழில் எப்படி வந்திருக்கிறது என்று ஜெர்மனில் சொல்லச் சொன்னாள். வரி வரியாகச் சொல்லிக்கொண்டு போனேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று திறந்தாள்.

"ஆர் இந்தக் குருவி?"

"அது... எங்கட ஆக்களுக்காக."

"என்ர கதையில குருவி இல்லை. முத்தம் எங்கை?"

"தமிழில அப்பிடி எழுதுறது கொஞ்சம்..."

"உனக்கு மூண்டு பிள்ளையள். குருவியே கொண்டுவந்து தந்தது?"

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. கலாசார நிலையத்து அம்மா ஒரு கதையை வேண்டாம் என்றார், அவ்வளவுதான். நானோ அவளுடைய கதைக்குள்ளேயே கையை விட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. முத்தத்தை முத்தம் என்றே திருத்தி எழுதி, வேலை முடிந்ததும் அண்ணைக்கு அனுப்பினேன்.

அன்று பின்னேரமே அவர் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, முந்தி அனுப்பினதுதான் திறம். அந்தக் குருவி அருமை. அதைத்தான் போட்டிருக்கிறன்."

"அண்ணை, குருவி நான் போட்ட பிழை. கதையில அது இல்லை."

"சின்னஞ்சிறுசுகள் வாசிக்கிற புத்தகம் தங்கச்சி. இனி மாத்த ஏலாது, அச்சுக்குப் போயிட்டுது. அதோட, அந்தப் பிள்ளை ஆபிரிக்கா எல்லே? பசி, சண்டை, கடல் தாண்டினது எண்டு ஒண்டும் எழுதேல்லையோ?"

"அவ பிளேனிலை வந்தவ அண்ணை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மலர் வந்தது. அவளுடைய பெயர், என் பெயர், இரண்டுக்கும் மேலே குருவி. என் கோழைத்தனம் வழவழப்பான தாளில் அச்சாகியிருந்தது.

மலரில் எழுதியவர்கள் கலைவிழா மேடையில் ஆளுக்கு இரண்டு நிமிடம் வாசிப்பது எங்கள் வழக்கம். குருவி அச்சாகிவிட்டதை அவளிடம் சொன்னேன். விழாவுக்கு வா என்றும் சொன்னேன். வந்தாள். மஞ்சள் தலைப்பாகை கட்டி, பின்வரிசைக்காரருக்கு மேடை தெரியாதபடி மூன்றாம் வரிசையில் இருந்தாள். தமிழில் அவளுக்கு ஒரு சொல்தான் தெரியும். ரயிலில் வரும்போது, முத்தத்துக்கு என்ன சொல் என்று கேட்டுப் பாடமாக்கியிருந்தாள்.

என் முறை வந்தது. மலரை விரித்தேன். உள்ளே, முத்தத்தோடு திருத்தி எழுதிய என்னுடைய தாள் இருந்தது. மேடைப்பக்கத்தில் அண்ணை, முன்வரிசையில் சுவாமியார், அவருக்குப் பக்கத்தில் என் மச்சாள். உப்புக் கூடிப்போச்சு என்று ஓட்டுநர் சொன்னபோது மண்டபம் சிரித்தது, சுவாமியாரும் சிரித்தார். சிரிப்பு அடங்கும்வரை நின்று, தலையை நிமிர்த்தி, ஒலிவாங்கிக்குக் கிட்டப்போய் மீதியை வாசித்தேன். அந்தச் சொல்லை விழுங்கவில்லை, மெல்லவில்லை. மூன்றாம் வரிசையில் அவள் எழுந்து நின்று கைதட்டினாள். வேறு யாரும் தட்டவில்லை. கதை இன்னும் இரண்டு வரி இருந்தது. அதையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

அண்ணை படியடியிலேயே நின்றார்.

"இனி மலருக்கு நீங்கள் எழுதத் தேவையில்லை."

தங்கச்சி போய் நீங்களாகிவிட்டேன்.

"சரி அண்ணை. இனி மலருக்குக் குருவியளே எழுதட்டும்" என்றேன். வெட்கம் போய்விட்டிருந்தது.

தண்ணீர் குடிக்க மண்டபத்துச் சமையலறைக்குப் போனேன். தோழியும் பின்னால் வந்தாள். அங்கே பாடகர் குழு அக்கா ஒருவர் பொரித்த ரோல்ஸைத் தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். புருஷன் செத்து எட்டு வருடம். ஒரு விழாவிலும் முன்னுக்கு வந்து இருக்கமாட்டார். எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார். எனக்கு ஏச்சுத்தான் விழப்போகிறது என்று நினைத்தேன்.

"பிள்ளை, அந்த மனிசிக்கு எத்தினை வயசெண்டு வாசிச்சனீர்?"

"ஐம்பத்திரண்டு அக்கா."

"எனக்கு ஐம்பத்தாறு" என்றார்.

இன்னொரு ரோல்ஸை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"இவ எழுதின மற்றக் கதையளையும் தமிழிலை எழுதும் பிள்ளை. மலரிலை போடவேண்டாம். எனக்குத் தாரும்."

நான் அதை ஜெர்மனில் தோழிக்குச் சொன்னேன். அவள் தொலைபேசியை எடுத்து, தன் கதைகளைத் திறந்தாள்.

"எத்தினை வேணுமெண்டு கேள்."

கேட்டேன்.

"இருக்கிறது முழுக்க" என்றார் அக்கா.