கொய்னாவும் மூன்று நாய்களும்

செமோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் துரை விரட்டிவிட்ட நோயாளி நாய்களையெல்லாம் என் புருஷன் எங்கள் லயத்துக்குக் கூட்டிவந்தார். பண்டுவம் பார்ப்பது மட்டும் என் தலையில். ஒன்றுக்கு ஆறாத சொறி, ஒன்றுக்குக் காதில் சீழ், மூன்றாவதுக்கு அடிக்கடி வலிப்பு. பால் எடுக்க மரம் வெட்டிவிட்டு வந்ததும், ஒவ்வொன்றின் வாயையும் பிளந்து கசாயம் ஊற்றி, விழுங்கும்வரை தாடையை அழுத்திப் பிடிப்பேன்.

“இத யாருகிட்ட கத்துக்கிட்ட?” என்றார்.

“ஆஸ்பத்திரி டிரெசருகிட்டதான். பெரட்டுல நமக்கு அப்படித்தான கொய்னா ஊத்துறான்.”

விடியலில் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது அந்தக் காய்ச்சல் மருந்தை ஊற்றிவிட்டு, விழுங்கினோமா என்று பார்க்க நாக்கை நீட்டச் சொல்வான்.

ஒருநாள் வலிப்பு நாய் என் விரலைக் கடித்துவிட்டது. புருஷன் விறகுக்கட்டையை ஓங்கினார். கட்டையைப் பிடுங்கி எறிந்தேன். பெரட்டில் தினமும் நான் நினைத்ததைத்தான் அது செய்தது.