அண்ணனுக்கு ஆடக் கற்றுக் கொடுத்தவள் நான்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும், அவரிடம் ஆடக் கற்றவர்களும், கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையை எடுத்து வைத்திருப்பீர்கள். என் கட்டுரைக்கு அது தேவைப்படாது. போன மாதம் அண்ணனின் மூத்த மகன் என் வீட்டுக்கு வந்து, "அத்தே, நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க லா. அப்பாவோட சின்ன வயசு தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான் மிச்சம்" என்றான். உண்மைதான். நான் ஒருத்திதான் மிச்சம், நானும் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதனால்தான் இத்தனை வருடம் எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

மலரில் வரும் மற்றக் கட்டுரைகளையும் அவன் படிக்கக் கொடுத்தான். ஒன்றில் அண்ணன் குரு இல்லாமலே கற்ற கலைஞர் என்று இருக்கிறது. இன்னொன்றில் முருகனே கனவில் வந்து அவருக்குக் குறத்தி நடனத்தைச் சொல்லிக் கொடுத்தாராம். முருகன் வரவில்லை. அகப்பையும் கையுமாக அவர் எதிரில் நின்றது நான்.

அண்ணன் பிறந்தது மலாக்காவில், இதே காஜா பெராங்கில். அப்பா தையல்காரர். ஜாலான் துக்காங் எமாசில் பிள்ளையார் கோயிலுக்கு நாலு வாசல் தள்ளி அவர் கடை இருந்தது. அம்மா நான் பிறந்த இரண்டாம் வருடமே போய்விட்டார். எனக்கும் அண்ணனுக்கும் ஐந்து வயது வித்தியாசம். போருக்கு முன்பு, தமிழ்நாட்டிலிருந்து வந்த நாடகக் குழுவில் ஆடிய ஓர் அம்மாள் எங்கள் பின்னறையில் இரண்டு வருடம் குடியிருந்தார். அவரிடம் நான் அடவுகளைக் கற்றேன். நான் காலைத் தட்டும்போதெல்லாம் அண்ணன் வாசலில் நின்று, "ஏய், மெதுவா. வூடு இடிஞ்சி விழப்போவுது" என்று கேலி செய்வார். ஆட்டத்தின் மேல் அவருக்கு இருந்த பக்தி அவ்வளவுதான்.

குறத்தி நடனம் அந்த அம்மாள் தந்ததும் இல்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி, குறி சொல்லி, கைபார்த்து, கடைசியில் ஊரையே ஏய்த்துவிட்டுப் போகும் அந்த முழு ஆட்டத்தையும் பதின்மூன்று வயதில் நானே கோத்தேன். வீட்டுக்கு வெளியே யாருக்காவது ஆடிக் காட்டும் முன் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

அவன் மலாக்காவுக்குள் வந்த வாரமே, துணி வெட்டும் கத்திரியால் அப்பா என் பின்னலைக் கழுத்தோடு வெட்டினார். வயதுப் பெண் இருந்த பல வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள். அண்ணனின் பழைய சட்டையும் கால்சட்டையும் எனக்கு வந்தன. ஒருநாள் வீடு வீடாகச் சிப்பாய்கள் நுழைந்தபோது, மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாள் ஓடிவந்து என் பக்கத்தில் நின்றார். அவர் மலாக்காச் செட்டிச் சமூகத்தவர். கும்பிடுவது எங்கள் சாமியை, பேசுவது மலாய். "ஜந்தான், துவான், ஜந்தான்" என்று சொல்லிக்கொண்டே என் பின்னந்தலையில் ஓங்கி ஓர் அடி வைத்தார். ஆண்பிள்ளைதான் ஐயா, ஆண்பிள்ளைதான் என்று அர்த்தம். சிப்பாய் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த வருடம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். சந்தைக்குப் போன எங்கள் பெரியப்பா மகனை நடுத்தெருவில் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பகல் முழுக்கப் பரணில் படுத்துக் கிடந்தார். அந்த நேரத்தில் ஜப்பான் அதிகாரிகளின் அனுமதியோடு ஒரு நாடகக் குழு ஊரில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அதில் இருப்பவர்களுக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். சீட்டு இருந்தால் லாரியில் ஏற்ற மாட்டார்கள். குழுவை நடத்தியவர் உடுப்புத் தைக்க அப்பாவிடம் வந்தபோது, பெண்கள் எல்லாம் ஒளிந்துகொண்டார்கள், பெண் வேடம் கட்ட ஆள் இல்லை என்று மூக்கால் அழுதார்.

அப்பா, "எம் மவன் கட்டுவான்" என்றார்.

"என்னா ஆடுவான்?"

"கொறத்தி ஆடுவான்."

இன்னும் பதினோரு நாளில் மேடை. அண்ணனுக்கோ நேராக நடந்தாலே கால் பின்னும். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "சொல்லிக் குடும்மா" என்று மட்டும் சொன்னார்.

அடுக்களைச் சன்னலைச் சாத்திவிட்டுச் சொல்லிக் கொடுத்தேன். சதங்கை கட்டினால் தெருவுக்குக் கேட்கும். அகப்பைக் காம்பால் தரையில் தட்டித் தாளம் போட்டேன். அண்ணன் அழுதார், கோபித்துக்கொண்டார், மூன்றாம் நாள் முடியாது என்று பரணில் ஏறிப் படுத்துக்கொண்டார். "லாரியில போறீங்களா, எறங்கி வரீங்களா?" என்று கீழே நின்று கத்தினேன். இறங்கி வந்தார். பதினாலு வயதுப் பெண் நான், அவர் இடுப்பைப் பிடித்து ஒடித்து, முழங்காலைத் தட்டி மடக்கி, கண்ணை எப்படி ஓட்டுவது என்றுகூடச் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பதினோரு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கச் சோறும் இல்லை, மரவள்ளிக் கிழங்குதான்.

இப்போது அண்ணனின் சீடர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். குறி சொல்லி முடித்ததும் குறத்தி இடப்பக்கம் சுற்றுவாள். நான் கோத்தபோது அது நாலடியில் முடியும் முழுச் சுற்று. எங்கள் அடுக்களையில் இடப்பக்கம் அடுப்பு இருந்தது. நாலாவது அடி வைத்தால் அண்ணனின் கால் அடுப்பில் இடிக்கும், கிழங்குப் பானை கவிழும். ஒருமுறை கவிழ்ந்தும்விட்டது, அன்று மூவரும் பட்டினி. அதனால், "அண்ணே, மூணோட நில்லுங்க. தோளுக்கு மேல திரும்பிப் பாருங்க, போதும். மேடையில நாலு வச்சிக்கலாம்" என்றேன். மேடையில் அவர் நாலாவதை மறந்துவிட்டார். மூன்றோடு நின்று திரும்பிப் பார்த்தார். கூட்டம் கைதட்டியது. அன்றிலிருந்து அதுதான் அண்ணனின் புகழ்பெற்ற மூன்றடித் திருப்பம். அதில் இச்சை, கிரியை, ஞானம் என்று மூன்று சக்திகள் அடங்கியிருப்பதாக இந்த மலரிலேயே ஒரு சீடர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். அது எங்கள் அடுப்பு, தம்பி.

முதல் மேடையைக் கால்சட்டை போட்ட பையனாக அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அண்ணன் வைத்திருந்த சவுரி, வெட்டிய என் பின்னல். அவர் கால் ஒருமுறைகூட இடறவில்லை. மறுநாள் சீட்டு கையில் வந்தது. அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். ஜப்பான்காரன் போகும்வரை அண்ணன் ஆடிக்கொண்டே இருந்தார். அண்ணனின் நடனக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் "ஆசான் அணிந்த சவுரி, தொடாதீர்" என்று வைத்திருக்கிறார்களே, அது என் தலைமுடி. நான் தொடுவேன்.

போர் முடிந்தது. என் முடி தோள்வரை வளர்ந்தது. கோயில் திருவிழாவில் ஆடப் போகிறேன் என்று புடவையெல்லாம் எடுத்து வைத்தேன். அண்ணன் அப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

"ஒரே வூட்டுல ரெண்டு கொறத்தியா? சனம் சிரிக்கும்பா. இவ ஆடுனா, நான் பொம்பளப் புள்ளைகிட்ட கத்துக்கிட்டேன்னு பேசுவானுங்க."

"அது நெசந்தானே?" என்றேன்.

அப்பா தையல் இயந்திரத்தை நிறுத்தினார். "அவனுக்கு இப்பத்தான் பேரு வந்திருக்கு. நீ இன்னொருத்தன் வூட்டுக்குப் போறவ. விடும்மா" என்றார். விட்டேன். அந்த வருடமே ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் நல்ல மனிதர், ஆட்டம் என்றால் ஆகாது.

அதற்குப் பிறகான அண்ணனின் வாழ்க்கை உங்களுக்குத் தெரிந்ததே. காஜா பெராங்கில் நடனக் கூடம், பிறகு செமாபோக்கில் ஒன்று. ஆயர் குரோவிலிருந்துகூடப் பெற்றோர் காரில் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பொன்னாடை, பட்டம், மேடையில் நடு நாற்காலி. உங்கள் குரு யார் என்று யாராவது கேட்டால், வாய் கூசாமல், "எல்லாம் கேள்வி ஞானந்தான்" என்பார். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நல்லதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா படுக்கையில் விழுந்தபோது ஒன்பது மாதம் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியவர் அண்ணன். எந்தப் பிள்ளையையும் கறுப்பு, குண்டு என்று சொல்லி அவர் திருப்பி அனுப்பியதில்லை. உழைப்பும் அவருடையதுதான், அதை நான் பிடுங்கவில்லை. ஆட்டம் மட்டும் என்னுடையது.

கடைசி ஆறு மாதம் செமாபோக்கில் மகள் வீட்டில் படுத்திருந்தார். நான் வாரம் தவறாமல் பேருந்து ஏறிப் போனேன். பாசத்தால் மட்டும் போகவில்லை. எனக்கு ஒரே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அதைப் பிள்ளைகளின் முன்னால் அவர் சொல்ல வேண்டியிருந்தது. அவர் போவதற்கு ஒரு வாரம் முன்பு, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மறக்கலம்மா. நீதான் சொல்லிக் குடுத்த. உன்னாலதான் பொழச்சேன்."

"புள்ளைங்கள உள்ள கூப்புடறேன். அவங்க முன்னால சொல்லுங்க, அண்ணே."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? இத்தன பேரு என்னா நெனைப்பாங்க?"

கையை உருவிக்கொண்டு எழுந்து கதவைத் திறந்தேன். நான் அழுகிறேன் என்று நினைத்து அண்ணன் மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு வந்தது ஆத்திரம், வேறொன்றும் இல்லை. அடுத்த வாரம் அவர் போய்விட்டார்.

அண்ணனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அவர் மகளுக்கும், இறுதிச் சடங்குக்கு வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் என் நன்றி. என் பின்னந்தலையில் அடித்து என்னைக் காப்பாற்றிய மக்சிக்குக்கும் நன்றி. அவர் இப்போது இல்லை, இந்த மலரை அவர் பேத்தி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வரியையும் வெட்டாமல் அச்சிடுகிறேன் என்று சத்தியம் செய்த அண்ணனின் மூத்த மகனுக்கு நன்றி. வெட்டியிருந்தால் நடனக் கூடத்துக்கே வந்து வாசித்திருப்பேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று அண்ணன் லாரியில் போயிருந்தால் ஆட்டம் எனக்கு மிஞ்சியிருக்கும். இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். அவர் பின்னால் இப்படிச் செய்வார் என்று அன்றே தெரிந்திருந்தாலும், நான் சொல்லிக் கொடுத்துத்தான் இருப்பேன். அது அவருக்கும் தெரியும். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.