சௌந்தரம் அக்காவும் சின்னக்கை ஆட்டமும்

சனிக்கிழமை காலையில் சௌந்தரம் அக்காவின் மகன் கதிரவன் போனில் அழைத்தபோது, ஆட்டத்துக்குக் கொஞ்சம் தாமதமாக வரச் சொல்லத்தான் அழைக்கிறார் என்று நினைத்தேன். வில்லாபுரத்திலிருந்து விளாங்குடிக்கு நான் பஸ் மாறி வர வேண்டும் என்பதால், ஏதாவது மாற்றம் இருந்தால் கிளம்பும் முன்பே சொல்லிவிடுவது அந்த வீட்டு வழக்கம். "சித்தி, அம்மா விடியக்காலம் போயிட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் சரியாக விழவில்லை. கொண்டுபோவதற்காக மேசைமேல் எடுத்து வைத்திருந்த சீடை டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் சீட்டாடுபவர். இறந்துபோனவரைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று அவர்கள் உறவினர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். எழுதாவிட்டால் அது வேறு யாரோ ஒரு சௌந்தரத்தைப் பற்றிய கட்டுரையாகத்தான் இருக்கும். ஆட்டத்தில் ஒரு பைசா புழங்கியதில்லை என்பதையும் அந்த உறவினருக்காகவே இங்கே சேர்க்கிறேன். நாங்கள் பந்தயம் கட்டியது புளியங்கொட்டையை.

தொலைபேசி நிலையத்தில் நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் வேலை. ஒருமுறை காதில் விழுந்த எண்ணை அவர் இரண்டாம் முறை கேட்டு நான் பார்த்ததில்லை. அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். விடுப்பில் வந்த ஒரு சமயம், கப்பலில் ஆடும் ஒரு சீட்டாட்டத்தை மனைவிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அடுத்த விடுப்பில் வந்தவர் மனைவியிடம் தோற்றுக்கொண்டே இருந்தாராம். அவர் காலமான பிறகு ஆட ஆளில்லாமல் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். பிறகு பக்கத்து வீட்டுப் பாத்திமா வந்தார். தெருக்கோடியிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் பாண்டி அண்ணன் வந்தார். எங்கள் சனிக்கிழமைப் பகல்கள் அப்படித்தான் உருவாயின.

ஆட்டத்துக்குக் கப்பலில் வேறு பெயர் இருந்தது. அக்கா வைத்த பெயர் சின்னக்கை. ஆளுக்கு ஏழு சீட்டு. முதல் இரண்டும் கடைசி ஒன்றும் நமக்கு மட்டும் தெரியும். நடுவில் வரும் நான்கும் எல்லோரும் பார்க்கும்படி மேசைமேல் விரிந்து கிடக்கும். ஒவ்வொரு சீட்டுக்கும் கொட்டை கட்டிக்கொண்டே போக வேண்டும். வேண்டாம் என்பவர் தன் சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். முடிவில் ஏழில் ஐந்தைப் பொறுக்கி, யாருடைய ஐந்து மிகச் சிறியதோ அவருக்கே வெற்றி. ஏஸ்தான் இருப்பதிலேயே சின்னது. ஒரே எண் இரண்டு வந்தால் ஒன்று வீண். ராஜாவும் ராணியும் கையில் வந்தால் முகம் வாடும் ஆட்டம் அது. பாண்டி அண்ணனுக்கு அது பழகவே வெகுநாள் ஆயிற்று. ராஜா வந்த சந்தோஷத்தில் மீசையைத் தடவிவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

நான் என் சீட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுதான் அக்காவுக்குப் பிடிக்காது. "ஒன் கையி எங்கயும் ஓடிப்போகாது. அடுத்தவுக முன்னாடி என்ன கெடக்குதுன்னு மொதல்ல பாரு" என்பார். எனக்கு வேண்டிய சீட்டு அடுத்தவர் முன்னால் கிடந்தால் அது இனி வராது. என் கை அந்த அளவுக்கு இளைத்துவிட்டது. ஆனால் என்னிடம் ஏற்கெனவே இருக்கும் எண்களே அவர்கள் முன்னால் கிடந்தால், அவை மறுபடி வந்து என் கையைக் கெடுக்கப்போவதில்லை. அது எனக்கு லாபம். கவிழ்த்த பிறகு அந்தச் சீட்டுகள் கண்ணில் படாது. யார் முன்னால் என்ன கிடந்தது என்பதை ஆட்டம் முடியும்வரை மனத்தில் வைத்திருக்க வேண்டும். எங்களுக்குப் பாதிதான் நிற்கும். அக்காவுக்கு ஒன்றுகூடத் தவறாது.

ஒருமுறை பாண்டி அண்ணனுக்கு ஐந்தாவது சீட்டிலேயே, ஒன்பதைத் தாண்டாத கை அமைந்துவிட்டது. அக்காவிடம் நான்கு பொடிச் சீட்டுகளும் ஒரு ராஜாவும். அண்ணன் கொட்டைகளை அள்ளி வைத்தார். அக்கா கவிழ்ப்பார் என்று நினைத்தோம். அவர் மேலே கட்டினார். கடைசியில் ஜெயித்தும்விட்டார். அதிர்ஷ்டம் என்று அண்ணன் முணுமுணுத்தபோது அக்கா நிதானமாக விளக்கினார். அண்ணன் கை முடிந்துவிட்டது, ஆனால் ஒன்பது, எட்டு என்று முரட்டுக் கை. தன்னுடையது முடியவில்லை, ஆனால் இன்னும் இரண்டு சீட்டு வர இருந்தது. ஒரே ஒரு சீட்டு பாக்கி என்றால் பேசாமல் கவிழ்த்திருப்பாராம். அண்ணன் அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில்தான் அக்கா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேசையில கெடந்த சீட்ட என்னைக்காவது நான் மறந்தேன்னா, அன்னைக்கே சொல்லிப்புடணும். மண்ணு மாதிரி ஒக்காந்திருக்க மாட்டேன், எந்திரிச்சிருவேன்." நாங்களும் சிரித்தோம்.

போன ஆண்டு மழைக்காலத்தில் அந்த நாள் வந்தது. அக்காவிடம் ஏஸ், இரண்டு, நான்கு, ஐந்து. என் முன்னால் ஏஸ், இரண்டு, மூன்று, ஆறு விரிந்து கிடந்தன. மூன்று வந்தால்தான் அவருக்கு வழி. ஆனால் என் முன்னால் ஒரு மூன்று கிடந்தது. பாத்திமா கவிழ்த்ததில் ஒன்று. பாண்டி அண்ணனோ தன் முன்னால் மூன்றாகவே இரண்டு விழுந்ததால்தான் ஆட்டத்தையே விட்டிருந்தார். சீட்டுக்கட்டில் மூன்றே இல்லை. அக்கா கடைசிவரை கட்டினார். தோற்ற பிறகு, "மூணு ஒண்ணுகூடவா வராது?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாத்திமா எழுந்து டீ போடப் போய்விட்டார்.

அதன் பிறகு பெயர்கள் தடுமாறின. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மறதி நோய் என்று டாக்டர் சொன்னதைக் கதிரவன் எங்களிடம் சொன்னார். ஆனால் அக்கா கேட்டுக்கொண்டபடி அவரிடம் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. சொன்னால் எழுந்துவிடுவார், எழுந்துவிட்டால் அவருக்கு அந்த வீட்டில் மிச்சமிருப்பது தொலைக்காட்சிதான். அதனால் பாத்திமாவின் யோசனைப்படி நாங்கள் தோற்றுக்கொடுக்க ஆரம்பித்தோம். நல்ல கைகளையெல்லாம் கவிழ்த்தோம். அக்கா முன்னால் புளியங்கொட்டை குவிந்தது.

சில வாரம் ஓடியது. ஒரு சனிக்கிழமை, முதல் திறந்த சீட்டாக அக்காவுக்கு ராஜா விழுந்தது. இருப்பதில் பெரிய சீட்டு யாருக்கோ அவர்தான் முதலில் கட்டியாக வேண்டும் என்பது விதி. ஒரு கொட்டையை வைத்தார். பாத்திமா இரண்டைக் காட்டிக்கொண்டிருந்தார், கவிழ்த்தார். மூன்றைக் காட்டிய பாண்டி அண்ணனும் கவிழ்த்தார். ஏஸைக் காட்டிய நானும் கவிழ்த்தேன். அக்கா கொட்டையைத் தொடவில்லை. கவிழ்த்த சீட்டை யாரும் திருப்பிப் பார்க்கக் கூடாது. அதையும் அவர்தான் எங்களுக்குப் பழக்கியிருந்தார். அன்று அவரே கையை நீட்டி, பாத்திமாவின் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். இரண்டோடு ஏஸும் நான்கும் இருந்தன.

"ஒரு ராஜாவுக்குப் பயந்து இந்தக் கையக் கவுப்பாளா ஒருத்தி?" என்றார். குரல் உயரவில்லை. "எனக்குச் சீட்டுத்தான் மறக்குது. ஆட்டம் மறக்கல."

சீட்டுக்கட்டை டப்பாவில் போட்டுப் பாத்திமாவின் மடியில் வைத்தார். இனி உங்கள் மூன்று பேர் ஆட்டம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பாத்திமா அழுதார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் மேலா, அந்த நோயின் மேலா என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரம் பாண்டி அண்ணன்தான் எங்களை இழுத்துக்கொண்டு போனார். அக்கா முகம் கொடுக்கவில்லை. அண்ணன் வாசற்படியிலேயே நின்றுகொண்டு பேசினார். "யக்கா, முப்பது வருசம் பஸ்ஸுல ஸ்டாப்பு பேரச் சத்தம் போட்டுச் சொன்னேன். கண்ணு தெரியாதவுக, எழுத்துத் தெரியாதவுக, புதுசா வந்தவுக, அம்புட்டுப் பேரும் கேட்டுத்தான் எறங்குனாக. அதுனால அவுக பயணம் பண்ணலைன்னு ஆயிருமா? கவுக்குற சீட்டச் சத்தமாச் சொல்லிருவோம்."

அக்கா வெகுநேரம் யோசித்தார். இரக்கத்தை அவர் யோசிக்கவில்லை. ஆட்டம் கெடுமா கெடாதா என்றுதான் யோசித்தார் என்பது அவர் கேட்டதிலிருந்து தெரிந்தது. "எல்லாருக்கும் பொதுவாச் சொல்லணும். எனக்கு மட்டும் காதுல சொன்னா எந்திரிச்சிருவேன். அப்புறம் எவளும் எனக்காகக் கவுக்கக் கூடாது."

அன்றிலிருந்து கவிழ்ப்பவர் தன் முன்னால் கிடந்ததை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதியாயிற்று. "நாலு போச்சு, ஒம்பது போச்சு." அக்கா கேட்டால் திரும்பவும் சொல்வோம். அப்படிச் சொன்னதில் எங்களுக்கும் எல்லாச் சீட்டும் நினைவில் நின்றது. இருந்தும் ஜெயித்தது பெரும்பாலும் அக்காதான்! ஒரு நாள் அவரிடம் இரண்டு, நான்கு, ஐந்து. பாத்திமா "ரெண்டு போச்சு, அஞ்சு போச்சு" என்று கவிழ்த்தார். அண்ணன் "நாலு போச்சு, எட்டு போச்சு" என்றார். அக்கா என்னைப் பார்த்து, "கேட்டியாடி? என் கையைக் கெடுக்கிறதெல்லாம் அவுக கிட்டப் போயிருச்சு. எனக்கு இனிமே என்ன பயம்?" என்று கொட்டைகளை அள்ளி வைத்தார். அந்த ஆட்டத்தில் நான் முழு மூச்சாக ஆடித்தான் தோற்றேன்.

கடைசி மாதங்களில் என் பெயர் அவருக்கு வரவில்லை. "வில்லாபுரத்துக்காரி" என்று கூப்பிட்டார். பிறகு அதுவும் வரவில்லை. மேசைக்கு மட்டும் வந்து உட்கார்ந்துவிடுவார். எப்போது கவிழ்க்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. போவதற்கு முந்தைய சனிக்கிழமைகூட ஆடினார். நடுவாரத்தில் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது என்றார்கள். அடுத்த சனிக்கிழமை விடியலைத் தாண்டவில்லை.

தெருமுனை வரைதான் நானும் பாத்திமாவும் போனோம். பாண்டி அண்ணன் தத்தனேரி சுடுகாடு வரை போய்விட்டு வந்து, சட்டை நனைந்தபடியே எங்களோடு நின்றார்.

காரியம் முடிந்த வாரம் கதிரவன், "வழக்கம்போல வாங்க சித்தி" என்று கூப்பிட்டார். போனோம். அதே மேசை, ஜன்னலோர நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மூன்று பேருக்குச் சீட்டுப் போட்டோம். இனி யாருக்காகவும் எதையும் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. மூவருக்கும் நினைவு நன்றாகவே இருக்கிறது. பாத்திமாவுக்கு நல்ல சீட்டு வரவில்லை. கவிழ்த்தார். கவிழ்த்துவிட்டு அந்த நாற்காலியின் பக்கம் திரும்பி, "ஏழு போச்சு, ராணி போச்சு" என்றார். பாண்டி அண்ணன் பஸ்ஸில் சொல்வதுபோலவே குரலை உயர்த்தி, "மூணு போச்சு, ராஜா போச்சுக்கா" என்றார். நானும் என்னுடையதைச் சொன்னேன்.

மேசையில் கிடந்ததையெல்லாம் சொல்லிவிட்டோம், அக்கா. ஒன்றையும் மறைக்கவில்லை. போய் வாருங்கள்.