எங்கள் ஒழுங்கை அம்புலன்ஸ்

முதுகுவலிக்குக் காட்டப் போனபோது டாக்டர் என் தொழிலைக் கேட்டார். சின்ன வகுப்பு டீச்சர் என்றேன்.

"பிள்ளைகளைத் தூக்குறனீங்களோ?"

"இல்லை, பெரிய ஆக்களை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எல்லாவற்றையும் விளங்கப்படுத்த அன்றைக்கு எனக்குத் தெம்பு இருக்கவில்லை. மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கென்று, அந்த ஒடுங்கிய சந்துக்கென்று, ஒரு அம்புலன்ஸ் இருக்கிறது. அம்புலன்ஸ் என்பது நாங்கள் சொல்லும் பெயர். உண்மையில் அது சீட்டுகளைக் கழற்றிய ஒரு பழைய ஸ்கூல் வான். திட்டம் போட்டு யாரும் அதைத் தொடங்கவில்லை. ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டா. சத்தம் கேட்டு ஒழுங்கையே கூடிவிட்டது. ஆனால் அவ ஈரப் பாவாடையோடு கிடந்ததால் ஆண்கள் ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. நான் போய் ஒரு சீலையால் போர்த்திவிட்டு, "இப்ப வாங்கோ" என்றேன்.

த்ரீவீலரில் அவவைப் படுக்க வைக்க முடியாது. எதிர்வீட்டு முஸ்லிம் அண்ணரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அப்போது புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடை வான் ஓட்டிக்கொண்டிருந்தார். வானில் இருந்த துணிக்கட்டுகளை எல்லாம் என் வீட்டு வாசலில் இறக்கிப் போட்டார். யாரோ ஒரு கதவைக் கழற்றிக் கொண்டு வந்தார்கள். அதில் கிடத்தித்தான் அக்காவைக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது நானா சொன்னார்: "நாளைக்கும் ஒராள் விழத்தானே போறாங்க, டீச்சர். அப்பவும் துணிய இறக்கிட்டா ஓடுறது?"

அவ்வளவுதான் தொடக்கம். கோயிலில் காசு கேட்டோம், சேர்ச்சில் கேட்டோம், பள்ளிவாசலில் நானா கேட்டார். ஸ்கூல் வான் வந்தது. ஓய்வுபெற்ற நேர்ஸ் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச் மண்டபத்தில் எங்களுக்கு ஆளைத் தூக்கும் முறையும் இரத்தத்தை நிறுத்தும் முறையும் காட்டித் தந்தார். ஆரம்பத்தில் மண்டபம் நிறைய ஆட்கள். எனக்கு ஒரு நாளும் விலக முடியவில்லை. போன் எடுக்கிறவர்களில் பாதிப்பேர், "பொம்பிளை ஒராள் வருவாவோ?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பொம்பிளை எப்போதும் நான்தான்.

களனியில் வெள்ளம் வந்தபோது எங்களையும் கூப்பிட்டார்கள். மீன்பிடிக்காரர் ஒருவரிடம் வள்ளம் வாங்கி, கூரையில் கட்டிக்கொண்டு போனோம். ஒரு வீட்டு வாசலில் நெஞ்சளவு தண்ணீரில் ஒரு சிங்கள முதியவர் நின்றார். வள்ளத்தில் ஏறச் சொன்னால், "டிக்கக் இன்ன" என்று கையைக் காட்டினார். கொஞ்சம் பொறுக்கட்டாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் குனிந்தார். கதவின் கீழ்ப் பூட்டைப் பூட்டினார். நிமிர்ந்து, முகத்தைத் துடைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறினார். நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் எங்களுக்குக் களைப்பே தெரியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்திருக்கும். மறந்திருப்பேன்.

பிறகு அரசாங்கத்தின் இலவச அம்புலன்ஸ் வந்தது. எங்களுடையதை விட எவ்வளவோ நல்லது. ஒட்சிசனும் படித்த ஆட்களும் உண்டு. எங்களுக்கு வரும் அழைப்புகள் மாறின. விபத்தும் நெஞ்சுவலியும் அவர்களிடம் போயின. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து கிளினிக்குக்கு, சில நேரம் சவச்சாலையில் இருந்து வீட்டுக்கு என்று மெதுவான வேலைகள் எங்களுக்கு மிஞ்சின. ஞாயிறு மண்டபத்தில் கதிரைகள் வெறுமையாகின. பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் வரிசையில் நின்ற சனம் முதலில் எங்கள் வானுக்கு வழிவிட்டது. நாட்கள் போகப் போக, உள்ளே உண்மையாகவே நோயாளி இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களும் வெயிலில் நின்று காய்ந்தவர்கள்.

கடைசியில் நிலையாக இருந்தது வெள்ளவத்தை அம்மா ஒருவர்தான். யாழ்ப்பாணத்துப் பெண்மணி, பிள்ளைகள் கனடாவில். கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் தனிய இருந்தா. சிறுநீரகம் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போகவேண்டும். அந்தக் கட்டடத்து லிஃப்ட் எப்போதோ நின்றுவிட்டது. கதிரையில் இருத்தி, பட்டியால் கட்டி, படியால் இறக்குவோம். பின்னேரம் திரும்ப ஏற்றுவோம். முன்னால் நானா, பின்னால் புறக்கோட்டைச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த மலையகத் தம்பி, பக்கத்தில் நான். இரண்டாம் மாடிக்காரர் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று, "சுவரைப் பார்த்து, இப்பதான் பெயின்ட் அடிச்சது" என்பார். ஒவ்வொரு தரமும் அதையே சொல்வார்.

மகன் கீழ்வீடு பார்த்துத் தருவதாகச் சொல்லியும் அம்மா சம்மதிக்கவில்லை. "இங்க இருந்தா கடல் தெரியுது. வேற என்னத்தை நான் பாக்கிறது?" என்பா.

மலையகத் தம்பிக்குக் கட்டாரில் வேலை சரிவந்தது. போவதற்கு முதல் நாள் வந்து, "எனக்குப் பதிலா யாராச்சும் கெடைப்பாங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். யாரும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் இரண்டு தரம் வந்துவிட்டு, முதுகு பிடித்துவிட்டது என்றார்கள். ஆகவே நானா பின்னால் போனார், பாரம் கூடிய பக்கம். முன்னால் நான் பிடித்தேன். அவருக்கு அப்போதே அறுபது தாண்டிவிட்டது.

ஒரு காலையில் இரண்டாம் மாடிக்கு இறங்கும்போது நானாவின் முழங்கால் மடங்கியது. கதிரை என் பக்கம் சரிந்தது. நான் கைப்பிடிக் கம்பியில் முதுகை அண்டக் கொடுத்துத் தாங்கினேன். அம்மாவின் கை சுவரில் உரசித் தோல் கிழிந்தது. பெரிய காயமில்லை. கதிரையை ஒருவாறு நிமிர்த்தி வைத்துவிட்டு, நானும் நானாவும் படியிலேயே இருந்துவிட்டோம். நானாவுக்கு மூச்சு வாங்கியது. இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்து முதல் தடவையாக வெளியே வந்தார். சுவரைப் பார்க்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"காயம் நோவுதா, அம்மா?" என்று நானா கேட்டார்.

"எனக்கு ஒண்டுமில்லை. உங்களைத்தான் இப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்போல கிடக்கு" என்றா அம்மா.

அன்றைக்கு இரண்டாம் மாடிக்காரர்தான் பின்னால் பிடித்து இறக்கினார். பின்னேரம் அவரே நின்று ஏற்றியும் விட்டார்.

அடுத்த முறைக்கு முன் அம்மா எனக்குப் போன் எடுத்தா. "பிள்ளை, மகனுக்குச் சொல்லிப்போட்டன். தெகிவளைப் பக்கம் கீழ்வீட்டில ஒரு அறையாம். இந்தக் கிழமையே போறன்."

"எங்களாலதானே, அம்மா?"

"உங்களால இல்லை. எனக்கும் ஏலாமக் கிடக்கு. ஒவ்வொரு தரமும் படியில உங்கட மூச்சுச் சத்தம் என்ர காதுக்கை கேக்கும். அதைக் கேட்டுக்கொண்டு என்னெண்டு இருக்கிறது?"

போனை வைத்ததும் எனக்குத் தோன்றியது, இனி அந்தப் படிகள் இல்லை என்பதுதான். அதன் பிறகுதான் அம்மாவின் கடல் ஞாபகத்துக்கு வந்தது.

நானா இப்போது தூக்குவதில்லை. கிளச்சை மிதித்தால் கால் நோகிறது என்று வானும் அதிகம் ஓட்டுவதில்லை. அவருடைய மருமகன் லீவு கிடைக்கும் நாட்களில் ஓட்டுகிறார். போன் என்னிடம்தான் இருக்கிறது. அவசரமென்றால் அரசாங்க நம்பரைக் கொடுக்கிறேன். மாடியில் இருந்து இறக்க வேண்டுமென்றால், வீட்டில் பலமான ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்கிறேன். பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். இருந்தால் எங்களை ஏன் கூப்பிடுகிறார்கள்?

போன மாதம் தெகிவளைக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மதிலும் தண்ணீர்த் தாங்கியும் தெரிந்தன. த்ரீவீலரிலேயே கிளினிக்குக்குப் போய் வருகிறாவாம். மெலிந்திருந்தா, ஆனால் முகம் தெளிவு. நானாவின் கால் எப்படி என்று கேட்டா. என் முதுகைப் பற்றியும் கேட்டா. இரண்டைப் பற்றியும் சொன்னேன். வேலைக்கு வரும் பெண் தேத்தண்ணி கொண்டுவந்தா. நாங்கள் இரண்டு பேரும் அவசரமில்லாமல் குடித்தோம். நான் எழும்பப் போனபோது, "இன்னும் கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போங்கோ, கதிரையில நல்லாச் சாஞ்சு இருங்கோ" என்றா. நானும் இருந்தேன்.