வலி நின்ற கண்

இதைப் படிக்கும் ஐயாமாரே, அம்மாமாரே, துப்பட்டி நுனியைப் பந்தாகச் சுருட்டி, வாயில் வைத்து ஊதி, சூடு ஆறுமுன் என் வலக்கண்ணில் ஒற்றிய தாயாரின் மூச்சில் வெற்றிலை மணந்தது. முடிச்சூரில் அந்நாளில் நெல் விளைந்தது. அறுவடை பார்க்கப் போனபோது என் கண்ணை நெல் தாள் ஒன்று கீறிவிட, இமைக்குள் மணல் அரைபடும் வலியோடும், விளக்கைக் கண்டாலே நீர் பெருகும் சிவப்போடும், அஸ்தினாபுரத்து வீட்டின் இருண்ட அறையில் கிடந்தேன்.

குரோம்பேட்டை லேத்துப் பட்டறையில் வேலை செய்த தாய்மாமன், முன்பு தம் கண்ணில் இரும்புத்தூள் தெறித்தபோது மருத்துவர் கொடுத்து மீந்திருந்த "சொட்டு" மருந்தைக் கொண்டுவந்தார். "எனுக்கே இதான்க்கா கேட்டுச்சு. வுட்டுப் பாரு, புள்ள எழுந்து ஓடும்," என்றார்.

அவர் சொன்னபடியே சிவப்பு வெளுத்தது, வலி அடங்கியது. அம்மா பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்து ஃபாத்திஹா ஓதச் செய்து, தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார். பார்வையில் புகை படிந்தாற்போல் இருக்கிறதென்று பிறகு நான் சொன்னபோது, "ஓதி சக்கர குடுத்தாச்சு. இனிமே தெரியல, கிரியலன்னு சொல்லாத, மலக்கு ஆமீன் சொல்லிடும்," என்று, வானவர் காதில் விழுந்தால் பலித்துவிடுமோ என அஞ்சி என் வாயைப் பொத்தினார். சொட்டு மட்டும் வேளை தவறாமல் விழுந்தது.

கருவிழியில் வெள்ளை படர்ந்த பிறகே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர் நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"பயிர் பட்ட கண்ணும்மா இது. உள்ள பூஞ்சை ஏறிடுச்சு. இந்தச் சொட்டு வலியையும் சிவப்பையும் அமுக்கும், பூஞ்சைய வளர விட்டுடும். யார் போடச் சொன்னது?"

அம்மா மாமாவைப் பார்த்தார்.

"நான்தான் சார்," என்றார் மாமா. "எனுக்கு நல்லாயிடுச்சே சார்."

"உங்க கண்ண டாக்டர் பாத்துட்டுக் குடுத்தாரு. இந்தக் கண்ண யார் பாத்தா?"

உரிய மருந்தை ஊற்றியும் அந்தக் கண் மீளவில்லை. அதன்பின், தம் இறுதிக்காலம் வரை, ஜி.எஸ்.டி. சாலையில் என்னோடு வரும்போதெல்லாம் மாமா என் வலப்பக்கமாகவே நடந்தார். அவர் மன்னிப்புக் கேட்டதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை.

இன்று முடிச்சூரில் வயல் இல்லை. அம்மாவும் மாமாவும் இல்லை. மீந்த சொட்டை ஃபிரிட்ஜில் சேமித்து, அடுத்த வீட்டுக் கண்ணுக்கு அன்போடு நீட்டும் வழக்கம் மட்டும், அடுக்குமாடிகளுக்குள்ளும் குடிபுகுந்திருக்கிறது. இலையோ தாளோ குச்சியோ பட்ட கண்ணை முதலில் மருத்துவர் பார்க்கட்டும். வலியைத் தணிக்கும் மருந்து அவர் சொன்ன பிறகு விழட்டும். படித்தபின் இந்தத் துண்டறிக்கையை எறிந்துவிடாமல் தங்கள் வீட்டில் வைத்திருக்க வேண்டுகிறேன்.