என் டிரம் தண்ணீர்

ஷார்ஜா தொழில்பேட்டை ஓரத்து ரவுண்டானாவில் பெட்டூனியா பூச்செடி நட்டிருந்தோம். ஆறு பாத்தி. வாரத்துக்கு ஒன்றாகக் களை கொத்துவது நான். தண்ணீர் விடுவது என் ரூம்காரன், சிவகங்கைப் பக்கம், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

ஒரு நாள் உச்சிவேளையில் முதல் பாத்தி அப்படியே படுத்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் மண் ஈரம். சாயங்காலம் ஒன்றுமே நடக்காதது போல அத்தனை செடியும் எழுந்து நின்றன. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மறுபடி படுத்தன. இலையில் பூச்சியில்லை, தண்டில் கடியில்லை.

“என்னண்ணே, டூட்டிக்கு வர்ற மாதிரி டைம் பாத்து மயங்குது?” என்றான் ரூம்காரன். சிரித்தேன். அடுத்த வாரம் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. ஐந்தாவதும் விழுந்தபோது இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மண்ணுக்கடியில் ஏதோ ஒன்று வரிசை தவறாமல் நடந்து வருகிறது.

வாடினால் தண்ணீர் விடவில்லை; போர்மேனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். “பானி நஹி டாலா! கலாஸ், விசா கேன்சல்” என்று இவனைப் பார்த்துக் கத்தினார், எல்லாம் முடிந்தது என்று கையை விரித்து. இவன் வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. “விட்டேன்ணே, நீங்களே பாத்தீங்கள்ல?” என்று என்னையே சுற்றி வந்தான்.

கம்பெனி இன்ஜினியர் கோயம்புத்தூர்க்காரர். வந்தவர் இலையைத் திரும்பியும் பார்க்காமல் ஒரு செடியைப் பிடுங்கினார். வேரெல்லாம் முடிச்சு, பாசிமணி கோத்தது போல.

“நூற்புழுங்க. கண்ணுக்குத் தெரியாது. வேருக்குள்ள குடியிருக்கும். வெயில் ஏறுனா வேரு தண்ணி இழுக்க மாட்டாம செடி சாஞ்சுரும்.” கையைத் தட்டிக்கொண்டார். “தானா ரொம்பத் தூரம் போகாதுங்க. யாரோ மண்ணோட கொண்டு போயிருக்கோணும்.”

போர்மேனின் விரல் மறுபடியும் இவன் பக்கமே நீண்டது.

ஓரத்தில் கிடந்த என் டிரம்மைத் திரும்பிப் பார்த்தேன். நான் சுத்தக்காரன் என்று பேர் வாங்கியவன். களை கொத்தியதும் மண்வெட்டியை டிரம்மில் கழுவுவேன். அந்தக் கலங்கல் தண்ணீரை, நல்ல மண்ணாயிற்றே, வீணாவானேன் என்று அடுத்த பாத்தியில் ஊற்றுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. அது வந்த வழி நான் போன வழி.

“இவன் இல்ல சார். நான்தான்” என்றேன். டிரம்மைக் காட்டினேன்.

அவனை விட்டுவிட்டார்கள். என்னைப் பேரீச்சை மரங்களுக்கு மாற்றினார்கள். மறுநாள் பையை எடுக்க ரவுண்டானாவுக்குப் போனேன். தண்ணீர்க் குழாயும் கையுமாக ஆறாவது பாத்திக்குக் காவல் நின்றான்.

“இது ஒண்ணு தப்பிச்சிருச்சு பாருங்கண்ணே. நீங்க அங்கனயே நில்லுங்க, காலை உள்ள வச்சுராதீங்க சாமி!”

ரோட்டோரமே நின்றேன். வெயில் நேர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பாத்திக்கும் நான் எப்போதோ ஊற்றியாயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முதுகுக்குப் பின்னால், ஓரத்துச் செடி ஒன்று மெதுவாகத் தலையைச் சாய்த்தது.